அறுபத்தொரு சொற்களும் ஒரு சிறுகதையும்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மையீர், எனக்கு வயது 38. பெங்களூரில் பிறந்து, அங்கேயே ஆங்கில வழியில் படித்தவன். அப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம்; அத்தை குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் தமிழ்தான் பேசுவோம். தமிழ் எழுத்துகளை மூன்று ஆண்டுகளுக்கு முன் நானாகவே கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு அப்பா காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த சிறுகதைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் கதையில் ஏறத்தாழ 1,800 சொற்கள் இருக்கும். அதை முடிக்க மூன்று இரவுகள் ஆயின. தெரியாத 61 சொற்களை அடிக்கோடிட்டு, அகராதியில் தேடி, நோட்டில் ஆங்கிலப் பொருளோடு எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால் நான்கு சொற்கள்தான் நினைவில் இருந்தன. பட்டியலை இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்ப்பது சரியா? பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா? அல்லது கதை வாசித்துச் சொல் கற்பது என்பதே என் போன்றவர்களுக்குப் பலிக்காத காரியமா?

– பெங்களூரு வாசகர் ஒருவர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைவிட அந்தப் பட்டியலைத்தான் நான் நெடுநேரம் படித்தேன். 25 ஆண்டுகள் பள்ளியிலும், அதன் பிறகு வயதுவந்தோருக்கான மாலை வகுப்புகளிலும் தமிழ் கற்பித்து வருகிறேன். ஒருவர் எந்தச் சொல்லின்கீழ்க் கோடிடுகிறார் என்பதைப் பார்த்தால், அவருக்கு மொழி எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்பது ஓரளவு புலப்பட்டுவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கோடிட்ட 61 சொற்களில் 28 சொற்கள் உங்களுக்கு முன்பே தெரிந்தவை. அவற்றைக் கண்ணால் அடையாளம் காண உங்களுக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அந்த நான்கு சொற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த எண்தான் உங்களை மிகவும் சோர்வடையச் செய்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நேகி, ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகியோர் தம் சகாக்களுடன் 1980களில் பள்ளி மாணவர்களிடம் ஆய்வுகள் நடத்தினர். தாய்மொழியில் இயல்பாக வாசிக்கும்போது, ஒரு புதிய சொல்லை ஒரே ஒருமுறை எதிர்கொண்ட அளவில் அதன் பொருளை மாணவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் என்று 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. நீங்கள் அகராதி பார்த்தீர்கள் என்பதால் இரண்டும் ஒன்றல்ல; ஆயினும் அந்தக் கணக்கின்படி 61 சொற்களுக்கு மூன்று சொற்கள் நின்றாலே போதும், உங்களுக்கு நான்கு நின்றிருக்கின்றன. ஒரு முறை வாசிப்பதிலிருந்து எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு கதையை ஒரே முறை வாசித்து அறுபது சொற்களைப் பிடிக்க முயலாமல், அதே கதையை நான்கு முறை வாசித்து எட்டுச் சொற்களைப் பிடியுங்கள். நான் மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

உங்கள் பட்டியலில் 'உரல்', 'உலக்கை', 'சுளகு', 'துவையல்' ஆகிய சொற்கள் இருக்கின்றன. இவற்றை வாய்விட்டு, சற்று வேகமாக, அப்பா பேசியது போலச் சொல்லிப் பாருங்கள். 'ஒரல்', 'ஒலக்கை', 'சொளகு', 'தொவையல்' என்று வரும். இவற்றை நீங்கள் கேட்டதே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு சொல்லின் முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் அந்த இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறிவிடுவது தமிழின் வழக்கம். இலை 'எலை' ஆவதும், விலை 'வெலை' ஆவதும், குடை 'கொடை' ஆவதும் இதனால்தான். காதால் மட்டுமே தமிழ் அறிந்தவர்களுக்கு இந்த ஒரு விதி பல கதவுகளைத் திறந்துவிடும். இவ்வாறு உங்கள் காதுக்குத் தெரிந்து கண்ணுக்குத் தெரியாத சொற்கள் என்று 17 சொற்களை எண்ணினேன். எனவே முதல் வாசிப்பைப் பென்சில் இல்லாமல், அகராதி இல்லாமல், வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் மற்றவர்கள் இருப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

இன்னும் 11 சொற்கள் வேறு வகையானவை. 'வெந்திருந்தது' என்ற சொல்லுக்கு எதிரே 'அகராதியில் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சோறு வெந்திருச்சா?' என்று உங்கள் வீட்டில் கேட்காத நாள் இருந்திருக்காது. அதன் வேர் 'வே'. அதுபோல 'நொந்துகொண்டாள்' என்பதன் வேர் 'நோ'; 'கற்றவர்' என்பதன் வேர் 'கல்'; 'நட்டான்' என்பதன் வேர் 'நடு'. தமிழில் வினைச்சொல் காலமும் இடமும் பாலும் ஏற்று வரும்போது அதன் தொடக்கமே உருமாறிவிடுவதுண்டு. அகராதியோ அதை வேர்ச்சொல்லின்கீழ் வைத்திருக்கும். இதற்கு எளிய வழி, யாருக்காவது கட்டளையிடுவது போல அச்சொல்லைச் சொல்லிப் பார்ப்பது. நட்டான் என்றால், செடியை நடு. கற்றான் என்றால், பாடத்தைக் கல். உங்களிடம் இருப்பது ஆங்கிலப் பொருள் மட்டும் தரும் கையடக்க அகராதி என்று தெரிகிறது. 1992இல் முதற்பதிப்பாக வந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வினையின் வேருக்கு அருகிலேயே 'கற்க, கற்று' என்பதுபோல அதன் வடிவங்கள் இருக்கும். அதைவிட முக்கியமாக, பொருளை அடுத்து எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். பேச்சு வழக்கா, உயர் வழக்கா, இலங்கை வழக்கா என்ற குறிப்பும் கிடைக்கும்.

17உம் 11உம் போக எஞ்சுபவை 33 சொற்கள். 1,800 சொற்கள் கொண்ட கதையில் 33 என்பது நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த அளவு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய பால் நேஷன், மார்செல்லா ஹு என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைப் பிறர் துணையின்றிப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் நூற்றுக்கு 98 அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார். அது ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட கணக்கு. தமிழில் ஒரே சொல் மூன்று சொற்களின் சுமையைத் தாங்குவதால் அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், நீங்கள் எடுத்த கதை உங்கள் தகுதிக்கு மீறியதன்று என்று சொல்வதற்கு அது போதும். இனி ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நூறு சொற்களை வாய்விட்டு வாசியுங்கள். வாய்விட்டு வாசித்த பிறகும் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியாமல் நின்றால் அந்தக் கதையை அடுத்த ஆண்டுக்கு வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஊகிப்பது. நீங்கள் வாசித்த கதையிலிருந்து வரிகளை இங்கே எடுத்துப் போடாமல், உங்கள் பட்டியலில் உள்ள சில சொற்கள் வருகின்ற, என் வகுப்புக்காக நானே எழுதி வைத்திருக்கும் சில வரிகளைத் தருகிறேன்.

"பாட்டி தாழ்வாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு ஒவ்வொரு முறை எழும்பித் தாழும்போதும் பதர் காற்றோடு வாசல் பக்கம் பறந்தது. மணி சுளகிலேயே தங்கியது. 'உன் மாமனும் இப்படித்தான்' என்றாள், வாசலைப் பார்த்தபடியே. 'காத்தடிச்ச பக்கம் போயிட்டான்.'"

இதில் 'தாழ்வாரம்' தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டாம். பாட்டி உட்கார்ந்திருக்கிற, வாசல் தெரிகிற ஓர் இடம் என்பது கிடைத்துவிட்டது. கதைக்கு அது போதும். 'பதர்' என்ற சொல்லிடம் மட்டும் நில்லுங்கள். அது காற்றில் பறக்கிறது, ஆகவே எடையற்றது. நெல்லோடு இருந்து பிரிகிறது; ஆகவே நெல்லைப் போலவே தோன்றியது. மணி தங்க, இது போய்விடுகிறது. ஆகவே உள்ளே ஒன்றும் இல்லாதது. உள்ளீடற்ற நெல் என்ற பொருளை, அகராதியைத் தொடாமலே வந்தடைந்துவிட்டீர்கள். அதற்கடுத்த வரியில் பாட்டி தன் மகனைப் பற்றிச் சொல்லும்போது, மனிதனுக்கும் அந்தச் சொல் பொருந்தும் என்பதைக் கதையே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. உங்கள் நோட்டில் 'பதர்' என்பதற்கு எதிரே ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது; அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் உங்கள் கண்முன் ஏதாவது தோன்றுகிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சுளகும், காற்றும், மகனை நினைத்து வாசலைப் பார்க்கும் ஒரு கிழவியும் தோன்றினால், அந்தச் சொல் மறக்காது.

அந்த வரிகளில் நீங்கள் கோடிடாமல் தாண்டிச் செல்லக்கூடிய சொல் ஒன்று உண்டு. அது 'மணி'. நேரமும் கோயில் மணியும் உங்களுக்குத் தெரியும் என்பதால், தெரிந்த சொல்தானே என்று கடந்துவிடுவீர்கள். இங்கே அது தானியத்தின் முற்றிய விதை. முற்றிலும் தெரியாத சொல் நம்மை நிறுத்தி எச்சரிக்கிறது, தெரிந்த முகத்தோடு வருகிற சொல் எச்சரிக்காமல் ஏமாற்றிவிடுகிறது. உங்கள் பட்டியலில் இப்படி ஒரு சொல்லிடம் நீங்கள் சரியாகவே சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். 'சலித்த மாவு' என்பதற்கு எதிரே 'அலுத்துப்போன' என்ற பொருளை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறீர்கள். 61 சொற்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கேள்விக்குறிதான். மாவுக்கு அலுப்பு வராது என்று உங்கள் அறிவு மறுத்திருக்கிறது. மாவைச் சல்லடையில் இட்டு அசைத்துப் பிரிப்பதும் சலித்தல்தான். மனம் அலுத்துப்போவதும் சலித்தல்தான். சுளகில் இட்டுக் கல்லையும் நொய்யையும் ஒதுக்குவது கொழித்தல். அதே சொல் செல்வத்தோடு சேரும்போது செழிப்பைக் குறிக்கிறது. சுளகில் தட்டித் தூற்றுவது புடைத்தல். கோபத்தில் நெற்றி நரம்பு எழும்புவதும் புடைத்தல். ஒரு காலத்தில் அடுக்களையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு இவை யாரும் சொல்லித்தராமலே வந்தன. அந்த அடுக்களை இன்று சென்னையிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை. அது கதைகளுக்குள்தான் இருக்கிறது. கதை வாசித்துச் சொல் கற்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவே காரணம்.

பட்டியலை மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் முன்னோர், செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா என்று சிலர் கேட்பார்கள். திண்ணைப் பள்ளிகளில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டது உண்மை. ஆனால் அது விருத்தப்பாவில் அமைந்தது. எதுகையும் ஓசையும் ஒரு சொல்லின் கையில் அடுத்த சொல்லைப் பிடித்துக் கொடுத்தன. எண் போட்டு, கோடு இழுத்து, எதிரே பொருள் எழுதிய பட்டியலுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் வாரம் இருபது சொற்களைப் பொருளோடு கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வேன். 'நல்குதல்' என்றால் கொடுத்தல் என்று ஒரு வாரம் எழுதினேன். மறுவாரம் ஒரு மாணவி, 'கடைக்காரர் எனக்கு மீதிச் சில்லறையை நல்கினார்' என்று வாக்கியம் அமைத்திருந்தாள். பொருளில் பிழையே இல்லை. அருள் நல்கலாம், வாய்ப்பு நல்கலாம், ஆதரவு நல்கலாம். சில்லறை நல்க முடியாது என்பதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. அது முழுக்க என் பிழை. ஒரு சொல் எந்தச் சொற்களோடு உறவாடும் என்பது பட்டியலில் தெரியாது, வாக்கியத்தில்தான் தெரியும் என்பதை அன்று அவள் எனக்குக் கற்பித்தாள்.

ஆகவே உங்கள் நோட்டை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். மேலே, கதையில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுமையாக, உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அதன்கீழ் வேர்ச்சொல். அதற்கும் கீழே அந்தச் சொல்லின் சுற்றத்தார்: பதருக்கு என்றால், நெல்லின் மேலுறையான உமி, அரிசியின்மேல் படிந்திருக்கும் தவிடு, உடைந்த அரிசியான நொய். கடைசியாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். 'இன்று அலுவலகத்துக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி பதர்' என்று எழுதினால் எனக்குப் போதும். ஆங்கிலப் பொருளைப் பக்கத்தின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாதபோது மட்டும் திருப்பிப் பாருங்கள்.

எட்டுச் சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டாம் வாசிப்பில் பென்சிலைக் கையில் எடுங்கள். கதையில் ஒருமுறைக்கு மேல் வருகிற சொல்லுக்கு முதலிடம். எந்தச் சொல் புரியாததால் கதையில் என்ன நடந்தது என்பதே புரியவில்லையோ அதற்கு அடுத்த இடம். கேட்ட நினைவு இருந்தும் பொருள் பிடிபடாத சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மட்டும் தலைகாட்டும் செடி, கொடி, நகை ஆகியவற்றின் பெயர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவை முக்கியமில்லை என்பதற்காக அன்று, அடுத்த கதையில் மீண்டும் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே. மூன்றாம் வாசிப்பு மறுநாள், எட்டுச் சொற்களுக்கு மட்டும் அகராதியோடு. நான்காவது வாசிப்பு ஒரு வாரம் கழித்து, எந்தத் துணையும் இல்லாமல். அந்த நான்காவது வாசிப்பில்தான், சொல்லைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கதையை மட்டும் நீங்கள் அனுபவிப்பீர்கள். அதை எக்காரணம் கொண்டும் தவிர்த்துவிடாதீர்கள்.

அடுத்த கதையையும் அதே ஆசிரியரிடமே எடுங்கள். ஒவ்வோர் எழுத்தாளருக்கும் தமக்கே உரிய ஒரு சொற்களஞ்சியம் இருக்கும். முதல் கதையில் விட்டுவிட்ட சொல் மூன்றாவது கதையில் தானாக வந்து நிற்கும். ஐந்து ஆசிரியர்களிடம் ஐந்து கதைகள் வாசிப்பதைவிட, ஒருவரிடம் ஐந்து கதைகள் வாசிப்பதில் தொடக்கத்தில் உங்களுக்குப் பலன் அதிகம். அப்பாவின் அலமாரியில் கரிசல்காட்டு எழுத்து இருக்குமானால் அதிலிருந்தே தொடங்குங்கள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. பொது அகராதிகளில் கிடைக்காத உங்கள் பகுதிச் சொற்கள் பலவற்றை அதில் பார்க்கலாம். கொங்குப் பகுதிக் கதைகளுக்குப் போகும்போது பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி துணைக்கு வரும். ஈழத்துக் கதைகளை எடுக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: அங்கே 'கதைத்தான்' என்றால் பேசினான், 'பேசினான்' என்றால் பெரும்பாலும் திட்டினான். தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள் என்று மேலே சொன்னேனே, அவற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

உங்கள் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். 28 சொற்களை அடித்துவிட்டேன். எஞ்சிய 33இல் எட்டைச் சுற்றி வட்டமிட்டிருக்கிறேன். அந்த எட்டில் ஏழு சொற்களுக்கு, அவை கதையில் எந்த வாக்கியத்தில் வருகின்றன என்பதைத் தேடி எழுதும்படி இடம் விட்டிருக்கிறேன். எட்டாவது 'வெஞ்சனம்'. அதற்கு எதிரே நீங்களும் ஒன்றும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பாக, கோவில்பட்டியில் இருக்கும் உங்கள் அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, "அத்தை, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலிலேயே பொருள் இருக்கும். அந்தப் பதிலை, அவர் சொன்ன வாய்மொழியிலேயே ஒரு சொல்லும் மாற்றாமல், பக்கத்தின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.